என் கட்டங்களைப் படித்த ஏழுமலை

வெட்கமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழுமலை இறந்துபோன செய்தி வந்தபோது நான் தலைக்கு மை பூசிக்கொண்டு குளியலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பாதித் தலை கறுப்பு, பாதித் தலை வெள்ளை. மஞ்சுளா தலைக்கு மை பூசுகிறாளா என்று ஆச்சரியப்படுகிறவர்கள் நம் தெருவில் யாராவது இருந்தால் அவர்களுக்கு என் நன்றி. மற்றவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான்.

போன் செய்தது சாந்தி. எங்கள் லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்கிறவள். "அக்கா, ஏழுமலை அண்ணன் போயிட்டாருக்கா" என்றாள். "எங்க போனாரு? லீவுலதான இருக்காரு" என்றேன். அவள் அழ ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு லீவு போட்டுவிட்டுக் கீழ்பென்னாத்தூருக்குப் போனவர், கல்யாணத்தை முடித்து, பந்தலைப் பிரித்து, வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படுத்திருக்கிறார். காலையில் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

தலையை அலச மனசு வரவில்லை. ஈரத்துண்டால் துடைத்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் வீட்டுக்காரரோடு பஸ் ஏறினேன். அங்கே போய்ப் பார்த்தால், மாலைகளுக்கு நடுவே படுத்திருக்கிற மனுஷனுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. மை கிடையாது, மருதாணி கிடையாது. பிறந்ததிலிருந்து தேங்காயெண்ணெய் மட்டும்தான் என்று அவரே பெருமையாகச் சொல்வார். என்னைவிட ஒரு வயது மூத்தவர் வேறு. அந்தத் தலையைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எதற்காக வந்தது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பாதி அவருக்காக, பாதி அந்த முடிக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செங்கம் ரோட்டு லாட்ஜ்களில் வேலை செய்கிற நீங்கள் எல்லோரும் அவரைத் தெரிந்தவர்கள். ஆனால் இந்த நினைவு மலர் வெளியூர் உறவுகளுக்கும் போகிறது என்பதால் சொல்கிறேன். ஏழுமலை எங்கள் லாட்ஜில் கணக்கு பார்த்தவர். நான் கவுன்டரில் நிற்கிறவள். வருகிறவர்களுக்கு அறை ஒதுக்குவது என் வேலை. என்னைவிட மூத்தவராக இருந்துகொண்டு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னை "அக்கா" என்றுதான் கூப்பிட்டார். அதற்குப் பழிவாங்க நான் அவரைத் "தம்பி" என்றேன். கடைசிவரை இரண்டு பேருமே இறங்கி வரவில்லை.

அந்த எழவு வீட்டில் கூடியிருந்த கூட்டத்தைச் சொல்ல வேண்டும். முன்பு வேலை பார்த்த கடலை மண்டி ஆட்கள், லாட்ஜ் ஆட்கள், ஆட்டோக்காரர்கள், நமக்கெல்லாம் இட்லி அனுப்புகிற மெஸ்காரம்மா, ஆசிரமத்துப் பக்கம் வருஷக்கணக்காகத் தங்கியிருக்கிற வெள்ளைக்காரர்கள் என்று தெரு நிறைய ஜனம். நான் என் வீட்டுக்காரர் காதோரம் கேட்டேன். "எனக்கு இவ்ளோ கூட்டம் வருமா?"

"நீ மொதல்ல நாலு பேர்கிட்ட கிண்டல் பண்ணாம பேசு. அப்பறம் பாக்கலாம்" என்றார்.

எழவு வீட்டில் நின்றுகொண்டு செத்தவரைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பெண்பிள்ளை இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இந்தப் பொறாமை எங்கே ஆரம்பித்தது என்று சொல்வதற்கு என் ஷீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் எட்டாம் வகுப்பை முழுசாகத் தாண்டாதவள். ஆனாலும் லாட்ஜுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதில் அறை ஒதுக்கும் ஷீட்டைப் போட்டது நான்தான். கீழ்நோக்கி அறைகள், வரிக்கு ஓர் அறை. பக்கவாட்டில் தேதிகள், கட்டத்துக்கு ஒரு நாள். ஒருவர் செவ்வாயிலிருந்து சனி வரைக்கும் தங்கினால் அந்த ஐந்து கட்டங்களையும் சேர்த்து இழுத்து மெர்ஜ் செய்துவிடுவேன். ஐந்தும் ஒட்டிக்கொண்டு ஒரே நீளக் கட்டமாகிவிடும். அதில் பேரை ஒருமுறை அடித்து, வண்ணம் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. அடிக்கடி வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு வண்ணம். பிளவுஸ் துணி எடுக்கும்போது புடவையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுபோல, ஆளின் முகத்தை நினைத்துப் பார்த்துத்தான் வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பேன். சிடுசிடுப்பவர்களுக்குப் பாகற்காய்ப் பச்சை.

இந்தப் படத்தை ஒரு பார்வை பார்த்தால் போதும். எந்த அறை எப்போது காலியாகும், யாரை எங்கே தள்ளலாம், யார் கிளம்புவதற்குள் யார் வந்து நிற்பார்கள், எல்லாம் சொல்லிவிடுவேன். எனக்கு லிஸ்ட் படிக்க வராது. படம் படிக்க வரும். முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "நம்ம மஞ்சுளா ஷீட்டப் பாருங்க, ரங்கோலி மாதிரி" என்று காட்டுவார். அந்தக் காலம் எனக்கு நல்ல காலம்.

அப்புறம் ஏழுமலை வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா, நான்கு அடுக்கு சாப்பாட்டுக் கேரியர். மத்தியானம் ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் போனில் மேக்ரோ பாடம் பார்ப்பார். மேக்ரோ என்றால், நாம் கையால் செய்கிற வேலையை வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டால் கம்ப்யூட்டரே அதைச் செய்துவிடும். ஒரு பட்டனைத் தட்டினால் போதும். வந்த கொஞ்ச நாளிலேயே என் ஷீட்டின் மேல் ஒரு பட்டனை வைத்தார். தட்டினால் அன்றைக்கு யார் வருகிறார், யார் தங்குகிறார், யார் கிளம்புகிறார், எந்த அறைக்கு எத்தனை துண்டு, மெஸ்ஸுக்கு எத்தனை இட்லி சொல்ல வேண்டும் என்று ஒரு தாள் அச்சாகி வரும். அதுவரைக்கும் அதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். காலையில் சாந்தி என் எதிரில் வந்து நிற்பாள், நான் ஷீட்டைப் பார்த்துக்கொண்டே ஒப்பிப்பேன். பட்டன் வந்த நாளில் அவள் என்னைத் தாண்டிப்போய் அவர் மேஜையில் தாளை வாங்கினாள்.

முதலாளி என்ன சொன்னார் தெரியுமா? "ஏழுமலை, நீ மந்திரவாதிப்பா" என்றார். என்னை ரங்கோலி என்றார். ரங்கோலி பெரியதா, மந்திரம் பெரியதா? நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் அந்த மந்திரம் முதல் வாரத்திலேயே சறுக்கியது. அன்றைக்கு நான் காதுகுத்துக்குப் போயிருந்தேன். கவுன்டரில் முதலாளியே உட்கார்ந்து, அச்சான தாளைப் பார்த்து அறை கொடுத்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் அறை காலி என்று தாள் சொன்னது. குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தை அங்கே அனுப்பிவிட்டார். அந்த அறையிலோ முந்தின நாளே வந்த ஒரு வெளிநாட்டு அம்மா தாழ்ப்பாள் போடாமல் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். மௌன விரதம் வேறு. குடும்பம் உள்ளே போய், பைகளை இறக்கி, பிள்ளைகளுக்கு பிஸ்கட் பிரித்துக் கொடுத்திருக்கிறது. அந்த அம்மா கண்ணைத் திறந்து பார்த்தார், பேச முடியாது. குடும்பத் தலைவர் சட்டென்று விழுந்து கும்பிட்டுவிட்டு, மனைவியிடம் "ரூமோட சாமியாரம்மாவும் குடுக்கறாங்க போல" என்றாராம். துண்டு வைக்கப் போன சாந்திதான் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

காதுகுத்திலிருந்து திரும்பி வந்து இதைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதினால் பாவம் என்பார்கள். நேராக அவர் மேஜைக்குப் போனேன்.

"தம்பி, உங்க மேக்ரோ சாமியாரம்மாவயும் சேத்து வாடகைக்கு வுட்டுதாமே. ரேட்டு ஜாஸ்தியா, கம்மியா?"

"சிரிங்கக்கா, நல்லா சிரிங்க. தப்பு உங்க ஷீட்டுல இல்ல, என்கிட்டதான்" என்றார். முகம் சுருங்கிப் போயிருந்தது. சண்டைக்குப் போனவளிடம் ஒருவர் தப்பை ஒத்துக்கொண்டால் அப்புறம் என்ன செய்வது? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்க அஞ்சு கட்டத்த சேக்கறீங்க இல்ல, பேரு மொதக் கட்டத்துல மட்டும்தான் ஒக்காருது. மத்த நாலும் உள்ள வெறும் காலி. மேல ஒரே போர்வையப் போத்தியிருக்கறதால நம்ம கண்ணுக்கு ஒரே ஆளாத் தெரியுது. கம்ப்யூட்டரு போர்வையத் தூக்கிப் பாத்துட்டு, ஆளு இல்ல, காலின்னு சொல்லிடுச்சு."

"அப்ப நடுக்கட்டத்துகிட்ட உன் பேரு இன்னான்னு கேட்டா?"

"பேரே இல்லன்னுதுங்க." கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தார். "அதுகிட்ட பேரு கேக்கக் கூடாதுக்கா. நீ யாரு கூட சேந்திருக்கன்னு கேக்கணும். அப்படிக் கேட்டா மொதக் கட்டத்துக்குக் கூட்டிட்டுப் போவும். அங்க போயி பேரு கேக்கணும். எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு அதுவே சொல்லும். ஆரம்பம் இன்னிக்குன்னா வர ஆளு. நடுவுலன்னா தங்கற ஆளு."

"கம்ப்யூட்டருக்கு மூள கம்மி, பணிவு ஜாஸ்தி. நாமதான் சரியா கேக்கணும்" என்பார். அன்றைக்கும் அதைச் சொன்னார். எட்டாம் வகுப்பு தாண்டாத எனக்கே அவர் சொன்னது புரிந்துவிட்டது. புரிகிற மாதிரி சொல்லத் தெரிகிறதே இந்த ஆளுக்கு என்று அதற்கும் ஒரு எரிச்சல்.

சாமியாரம்மா விஷயம் பெங்களூரில் இருக்கிற சின்ன முதலாளி காதுக்குப் போனது. முதலாளியின் மகன், நல்ல பிள்ளைதான், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அடுத்த சனிக்கிழமையே வந்து என் ஷீட்டைத் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டு மெல்லத்தான் சொன்னார்.

"இந்த மெர்ஜ்தான் எல்லாப் பிரச்சனைக்கும் காரணம். ஒட்டின கட்டத்த வச்சு வரிசைப்படுத்த முடியாது, தேட முடியாது, ஒண்ணும் பண்ண முடியாது. எல்லாத்தையும் பிரிச்சிடுங்க. ஒரு வரிக்கு ஒரு கெஸ்ட்னு இங்கிலீஷ்ல லிஸ்ட் போட்டுக்கலாம். மஞ்சுளாக்கா வேணும்னா மாடியில துணிமணிங்களப் பாத்துக்கட்டும்."

மாடியில் துணி பார்ப்பது கேவலமான வேலை இல்லை. ஆனால் கவுன்டரில் நிற்கிறவளுக்கு ஊர் இருக்கிறது. வருகிறவர் முகம், போகிறவர் முகம், அவர்கள் விட்டுப்போகிற கதை, நான் செய்கிற கிண்டல், அவர்கள் திருப்பிச் செய்கிற கிண்டல். மாடியில் படுக்கை விரிப்பை யார் கிண்டல் செய்வது?

முதலாளி ஏழுமலையைப் பார்த்துக் கேட்டார். "பிரிக்க எவ்ளோ நேரம் ஆவும்பா?"

"பிரிக்கறது ஒண்ணுமே இல்லீங்க. ஒரே வரி எழுதினா மொத்தமும் பிரிஞ்சிடும்."

முடிந்தது கதை என்று நினைத்தேன். ஒரே வரி. என் வண்ணம், என் வரிசை, என் கவுன்டர், எல்லாவற்றுக்கும் ஒரே வரி.

"ஆனா பிரிச்சுட்டா அக்காவுக்குப் படிக்க வராதுங்க" என்று அவரே மேலே பேசினார். "அக்கா இல்லன்னா கவுன்டர்ல யாரு நிப்பாங்க? நானா? கெஸ்டப் பாத்தா எனக்கு நாக்கு ஒட்டிக்குது. ஷீட்டு அக்கா போட்டது போட்டபடியே இருக்கட்டுங்க. அத எப்படிப் படிக்கணும்னு மேக்ரோவுக்கு நான் சொல்லித் தந்துடறேன். கொஞ்சம் எழுத்து வேல ஜாஸ்தி, அவ்வளோதான்."

சின்ன முதலாளி தோளைக் குலுக்கிவிட்டு, சரி, பார்க்கலாம் என்றார். ஏழுமலை அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு நேரத்திலும் எழுதிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் ஒரு சாமியாரம்மாவும் வாடகைக்குப் போகவில்லை.

எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். முடி இருக்கிறது, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, மூளை இருக்கிறது, இப்போது நல்ல மனசும் இருக்கிறதாம். ஒரே ஆளுக்கு இத்தனையும் எதற்கு? கொஞ்சம் மட்டமான ஆளாக இருந்திருந்தால் நானும் நிம்மதியாகப் பொறாமைப்பட்டுக்கொண்டிருப்பேன். அதையும் கெடுத்துவிட்டார்.

"தம்பி, எனக்காக ரொம்ப மெனக்கெட்டுட்டீங்க" என்று இழுத்தேன்.

"உங்களுக்காகன்னு யாரு சொன்னது? லிஸ்ட்டுன்னா பாஸ்போர்ட்டுல இருக்கற பேரு மொத்தமும் யாரு டைப் அடிக்கறது? நான்தான் அடிக்கணும்" என்றார். உண்மையாகவும் இருக்கலாம். அவருக்கு டைப் அடிப்பது பிடிக்காது. ஆனால் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் கேரியரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நல்லவராக மட்டும் இருந்தார் என்று எழுதினால் அவரே எழுந்து வந்து சிரிப்பார். தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரிக்கிற ஆள். போன் சார்ஜரைக் கேட்டால் "என் வொயரு கெட்டுடும்" என்று உள்ளங்கையில் மூடிக்கொள்வார். பாராட்டினால் போதாது, அதை இன்னொருவர் இருக்கும்போது மறுபடியும் சொல்ல வேண்டும். இதெல்லாம் எனக்கு ஆறுதலாக இருந்த விஷயங்கள்.

எங்கள் தெரு முழுக்கச் சிரித்த ஒரு வேலையையும் அவர் செய்தார். நான் கட்டங்களை இழுக்கும்போது சில சமயம் கை தவறி அடுத்த ஆளின் கட்டத்தையும் சேர்த்து இழுத்துவிடுவேன். சேர்த்தால் முதல் பேர் மட்டும்தான் நிற்கும், பின்னால் இருக்கிற பேர் அழிந்துபோகும். கம்ப்யூட்டர் அதை இங்கிலீஷில் எச்சரிக்கும். நான் அதைப் படிக்காமல் ஓகே தட்டிவிடுவேன். இப்படி ஒரு கோயம்புத்தூர் தம்பதியே காணாமல் போனார்கள். அதனால் ஒட்டுவதற்குத் தனியாக ஒரு பட்டன் செய்து, நான் இழுத்த இடத்தில் வேறு பேர் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்க்கும்படி எழுதினார். இருந்தால் ஒட்டாமல் நிறுத்திவிட்டு ஒரு சின்னப் பெட்டி எழும்பும். அந்தப் பெட்டியில் தமிழ் எழுத்து போட்டால் வெறும் கேள்விக்குறியாக வந்தது. சரி என்று இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழை எழுதி வைத்தார். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். "அக்கா, ஜாஸ்தி."

அவ்வளவுதான். கெஸ்ட், ஆட்டோக்காரர், கூரியர்காரர் என்று யார் கவுன்டரில் நின்றாலும் அந்தப் பெட்டி எழும்பினால் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். நான் இரண்டாவது டம்ளர் டீ ஊற்றினால் சாந்திகூட "அக்கா, ஜாஸ்தி" என்பாள். வீட்டுக்குப் போனால் அங்கேயும் ஏழுமலை புராணம்தான். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற என் வீட்டுக்காரருக்கு ஒருமுறை வண்டி இன்சூரன்ஸ் பேப்பரைப் புரிய வைத்தாராம். அன்றிலிருந்து "ஏழுமலை மாதிரி பொறுமையா சொல்ல ஆளே இல்ல" என்பது எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் தினசரி ஊறுகாய். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் பொறுமையைப் பற்றி அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மேக்ரோ எழுதும்போது அவர் எந்தப் பட்டனைத் தட்டுகிறார் என்று கவுன்டரிலிருந்து கழுத்தை நீட்டி நீட்டிப் பார்ப்பேன். கற்றுக்கொள்ளும் ஆசை இல்லை. அவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறதே என்ற வயிற்றெரிச்சல். ஒருநாள் அவர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கமாகப் பாதி திருப்பி வைத்தார். "கழுத்து சுளுக்கிக்கும்க்கா" என்றார். அன்றிலிருந்து எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "மொத ரூம்லேருந்து கடைசி ரூம் வரைக்கும் ஒவ்வொரு கதவாத் தட்டிட்டு வா. ஒட்டியிருக்குதா பாரு. ஒட்டியிருந்தா யாரு கூடன்னு கேளு." கம்ப்யூட்டரிடம் சொல்கிறாரா, என்னிடம் சொல்கிறாரா என்று நானும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து மறுநாள் கவுன்டருக்கு வந்தேன். அறைகளின் வரிகளுக்குக் கீழே எங்கள் லீவுக்கு ஆளுக்கு ஒரு வரி இருக்கிறது. முதல் வரி அவருடையது, இந்த லீவு வரிகளை அவரே போட்டதால் தன் பேரை முதலில் வைத்துக்கொண்டார். கல்யாணத்துக்கு எடுத்த நாட்களை ஒட்டி, "லீவு" என்று நான் அடித்திருந்தேன். அன்றைக்குக் காலையோடு அந்த லீவு முடிந்துபோயிருந்தது. அந்த வரியை நீக்கலாமா என்று முதலாளி கேட்டார். நான் அந்தக் கட்டத்தை மாசக் கடைசி வரைக்கும் இழுத்து ஒட்டிவிட்டேன். வேறு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஒரு கெஸ்ட் வந்தார். பேரை அடித்து இழுத்தேன். கண் மறைத்ததில் கை நீண்டுவிட்டது. பெட்டி எழும்பியது. "அக்கா, ஜாஸ்தி." கெஸ்ட் சிரித்தார், அவருக்கு என்ன தெரியும். நான் ஓகே தட்டாமல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எதிரில் இருந்தவர் அறை கிடைக்காதோ என்று பயந்துவிட்டார்.

இதற்கிடையில் மொட்டை மாடியில் கட்டிக்கொண்டிருந்த புது அறை தயாரானது. பௌர்ணமிக் கூட்டத்துக்குள் திறந்துவிட வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. ஷீட்டில் கடைசி அறைக்குக் கீழே ஒரு வரி சேர்த்து ஆளையும் போட்டேன். பட்டனைத் தட்டினால் அந்த அறை மட்டும் தாளில் வரவே இல்லை. பெங்களூரிலிருந்து வந்திருந்த சின்ன முதலாளி அதைப் பார்த்துவிட்டார்.

"எழுதினவரே போயிட்டாரு. இனிமே இத யாருக்கா ரிப்பேர் பண்றது? பௌர்ணமிக்கு அப்பறம் புது சாஃப்ட்வேர் வாங்கிடலாம். அதுல ஆன்லைன்லயே ரூம் போட்டுப்பாங்க, கவுன்டர்ல ஆளே தேவையில்ல. நீங்க மாடிக்கு வந்துடுங்க."

"பௌர்ணமி வரைக்கும் வுடுங்க" என்றேன்.

யாரும் இல்லாத மத்தியானத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, மேக்ரோவைத் திறக்க அவர் தட்டுவதை நான் எட்டிப் பார்த்திருந்த இரண்டு பட்டனையும் சேர்த்துத் தட்டினேன். மேக்ரோ திறந்தது. எல்லாம் இங்கிலீஷ். ஆனால் காதில் அவர் குரல் இருந்தது. மொத ரூம்லேருந்து கடைசி ரூம் வரைக்கும். அப்படியென்றால் ஓர் எண்ணிலிருந்து இன்னோர் எண் வரைக்கும். எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் தேடினேன். முதல் அறை இருக்கிற வரியின் எண் ஒன்று, கடைசி அறை இருக்கிற வரியின் எண் ஒன்று, பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இவருடைய மேக்ரோ புது அறையின் கதவைத் தட்டவில்லை, அவ்வளவுதான் விஷயம். பழைய கடைசி எண்ணைக் கூட்டினேன். ஒன்று கூட்டலாமா என்று யோசித்து, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாகக் கூட்டினேன். சோற்றுக்கு அரிசி போடும்போதும் நான் அப்படித்தான், ஒரு பிடி கூட.

பௌர்ணமி அன்று காலையில் சின்ன முதலாளி பக்கத்தில் நிற்க, பட்டனைத் தட்டினேன். தாள் வந்தது. அவர் அறை எண்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரி. மொட்டை மாடி அறையும் வந்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

"நீங்களா மாத்துனீங்க?"

"ஆமாங்க."

"யாரு கத்துக் குடுத்தா?"

"யாரும் கத்துக் குடுக்கல. எட்டிப் பாத்தேன்."

அவர் சிரித்துவிட்டு, "சரிக்கா, இதுவே இருக்கட்டும். கவுன்டர நீங்களே பாத்துக்குங்க" என்றார். வாசலில் கிரிவலத்துக்கு வந்தவர்கள் பைகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு உடனே அவர் மேஜைப் பக்கம் திரும்பி ஏழுமலையிடம் பீற்றிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அந்த நாற்காலியில் சாந்தி துவைத்த துண்டுகளை அடுக்கி வைத்திருந்தாள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். மேக்ரோ லாட்ஜோடது. பேனாக்கள் அவர் மகளிடம் போய்விட்டன. சார்ஜரை அவர் இன்னும் யாருக்கும் கொடுக்க மனசில்லாமல் மேஜை உள்ளேயே பூட்டி வைத்திருக்கிறார், சாவி எங்கே என்று தெரியவில்லை. எனக்கென்று இருப்பது இந்தப் பொறாமை ஒன்றுதான். பக்கத்தில் இப்படி ஓர் ஆள் இருந்திருக்காவிட்டால் நான் கழுத்தை நீட்டியே இருக்க மாட்டேன். அதை நான் கரைய விடப் போவதில்லை. ஆள் போய்விட்டார் என்பதற்காக விட்டுக்கொடுத்துவிட்டால் அவருக்குத்தான் சந்தோஷம்.

பௌர்ணமி அன்று அச்சான தாளில், நான் ஒன்று கூடுதலாகக் கூட்டியதில், புது அறைக்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்திருக்கிறது. சின்ன முதலாளி அறை எண்களை மட்டும்தான் பார்த்தார், நானும் அப்படித்தான். அறை: ஏழுமலை. தங்குகிறவர்: லீவு. துண்டு இரண்டு. இட்லி ஒரு பிளேட். தாள் வழக்கம்போல மெஸ்ஸுக்குப் போனது. இட்லி ஒரு பிளேட் கூடுதலாக வந்தது. சின்ன முதலாளி அதைச் சாப்பிட்டார். சட்னியில் உப்பு கம்மி என்றார்.